எஸ்ரா பார்த்த பார்வை

ஆல்டன்ஷா ஊரில் நெசவாலைத் தொழிலாளி ஒருவன் வீட்டு முன்னறையில் எண்ணெய் வண்ணப் படம் ஒன்று தொங்கினால், அது புறாவின் படமாகத்தான் இருக்கும். பெற்ற தாயின் படம் இருக்காது. கட்டியவள் படம் சத்தியமாக இருக்காது. மனுஷ முகத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வைப்பது ஆலை முதலாளிக்கும் மேயருக்கும் உள்ள சமாச்சாரம். நம்மைப்போல ஒருவன் தன் மூஞ்சியை வரையச் சொல்லிச் சட்டம் போட்டு மாட்டினால், "பெரிய துரைன்னு நெனப்பு" என்று தெருவே சிரிக்கும். புறாவுக்கு அந்தத் தடை கிடையாது. பிரான்சிலிருந்து கடல் தாண்டிப் பறந்து வந்து பந்தயம் ஜெயித்த புறா என்றால், அதைப் படமாக்கி மாட்டாதவன்தான் கஞ்சன்.

அந்தப் புறாக்களை வரைந்தவன் ரூபன் க்ளெக். க்ரிம்ஷாவின் மீன் வறுவல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தான். வடக்குப் பார்த்த ஜன்னல், ஒரு கட்டில், குளிர்காய ஒரு கணப்பு, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலி புறாக்காரனுக்கு. அவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடையோடு வந்து உட்கார்ந்து, புறாவை வெளியே எடுத்து, அதன் கால்களை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பான். மூன்று ஞாயிறு வந்தால் படம் முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால் உடம்பை வரைய ஞாயிறே தேவையில்லை. ரூபனிடம் காகிதத்தில் வெட்டிய அச்சு இரண்டு இருந்தது, ஆண் புறாவுக்கு ஒன்று, பெட்டைக்கு ஒன்று. எல்லாப் புறாவும் இடது பக்கம் பார்த்துக்கொண்டு பச்சைப் புல்லின்மேல் நிற்கும். கீழே தங்க எழுத்தில் பெயரும் ஜெயித்த பந்தயங்களும் இருக்கும். கண்ணுக்கும் இறகுக்கும் மட்டும்தான் நிஜமான வேலை. கண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வரைய வேண்டும், ஏனென்றால் புறாக்காரர்கள் கண்ணைப் பார்த்துத்தான் குலம் கோத்திரம் எல்லாம் சொல்வார்கள். இறகில் ஒன்று குறைந்தாலும் போச்சு. ஒருவன் படத்தைத் திருப்பிக்கொண்டு வந்து, பத்து இறகு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதுதான் இருக்கிறது என்று குதித்தான். அவன் வீட்டில் கல்யாணப் புகைப்படக் கண்ணாடி, பெண்டாட்டி முகத்தின்மேல் கீறல் விட்டு ஒன்பது வருஷமாய்ச் சுவரில் தொங்குகிறது. அது அவன் கண்ணில் பட்டதே இல்லை.

ரூபன் நெசவாளி வீட்டுப் பிள்ளை. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். பதின்மூன்று வயதில் கடைப்பலகை எழுதுகிறவனிடம் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு குளிர்காலம் மாலைப் பள்ளியில் ஓவியம் படித்தான். அங்கே சுண்ணாம்பில் வார்த்த தலைகளை வைத்துக்கொண்டு முகம் வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். முகம் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் முகத்தைக் கொடுத்து உட்கார ஆள் வேண்டுமே. யுத்தம் வந்தது, பட்டாளத்தில் நான்கு வருஷம் வண்டிகளுக்கு எண் எழுதினான். ரயிலிலிருந்து இறங்கியபோது நிலையத்தில் எல்லாருக்கும் யாராவது நின்றிருந்தார்கள். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான். அப்பன் செத்து, வீடு வேறு யாருக்கோ போயிருந்தது. நாற்பத்தைந்து வயதில் அவனிடம் யாராவது "சாப்பிட்டியா" என்று கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்பது அவனுக்கே தெரியாது.

ஆனால் அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. புறாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே அந்த மனிதன், அவன் ரூபனைப் பார்ப்பதில்லை. புறாவைத்தான் பார்ப்பான். தறிச் சத்தத்தில் காது போய், பஞ்சுத் தூசியில் நெஞ்சு போய், வீட்டில் வாயைத் திறந்தால் வசவைத் தவிர வேறு வராத ஆள்கூட, அந்த ஒரு மணி நேரம் வேறு ஆளாய் இருப்பான். நெற்றிச் சுருக்கம் போய்விடும். உதடு தானாக அசையும். அந்த முகத்தை நழுவவிட ரூபனுக்கு மனசு வராது. ஆள் போனதும், கதவைத் தாழிட்டு, தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றில் அந்த முகத்தை வரைவான். கழுத்துப்பட்டி வரைக்கும்தான் வரைவான். புறா அதில் இருக்காது. காய்ந்ததும் சுவர் பக்கம் திருப்பிச் சாய்த்துவிடுவான். நாற்பது பலகை அப்படி இருந்தன. ஒரு மனிதன் இன்னொன்றை இவ்வளவு பிரியமாய்ப் பார்க்க முடியும் என்பதைப் பார்க்க அவனுக்கு ஆசை. தன்னை அப்படி யாரும் பார்த்ததில்லை என்பதுதான் அதற்குக் காரணம். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது.

அந்த வருஷம் ஜனவரியில் எஸ்ரா ஹாவர்த் தன் பெட்டையைக் கொண்டுவந்தான். நீலச் சீமாட்டி என்று பேர். எஸ்ரா தறி மேஸ்திரி, பார்க்க மதில் சுவர், பேச்சு ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை. மூன்று ஞாயிறும் உட்கார்ந்தான். மூன்று ஞாயிறும் ரூபன் அந்த முகத்தைப் பார்த்து அசந்துபோனான். மற்ற முப்பத்தொன்பது பேரையும் ஒரு தட்டில் வைத்தாலும் எஸ்ராவின் பார்வைக்கு ஈடாகாது. அவனுடைய பலகைதான் ரூபன் செய்ததிலேயே நல்ல வேலை. அது அவனுக்கும் தெரியும். பிப்ரவரியில் எஸ்ராவுக்குச் சளி பிடித்து, நெஞ்சில் இறங்கி, பத்தே நாளில் ஆள் முடிந்துபோனான்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை படியில் மரக்கட்டைச் செருப்புச் சத்தம் கேட்டது. கறுப்பு உடுப்பில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள்.

"மிஸ்டர் க்ளெக்குங்கறது நீங்கதானே? நான் எஸ்ரா ஹாவர்த் வீட்டுக்காரி. செலினா."

"வாங்க மிஸஸ் ஹாவர்த். படம் தயாரா இருக்கு. சட்டம்தான் போடணும்."

"சட்டமும் வேணாம், படமும் வேணாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்." அவள் உட்காரவில்லை. "இருபத்தாறு வருஷம் அதுங்க குடும்பத்தோட குடித்தனம் பண்ணியாச்சு. இனிமே செவுத்துல வேற மாட்டி வெச்சு மூஞ்சில முழிக்கணுமா?"

"நல்ல புறாங்க."

"நல்ல புறாதான். யாரு இல்லேன்னா? எனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தேன், அந்த மனுஷன் வந்து 'வெந்நி போட்டியா'ன்னு கேட்டாரு. அடடா, ஒத்தடம் குடுக்கத்தான் கேக்குறாருன்னு எந்திரிச்சுப் போட்டுக் குடுத்தேன். வாளியைத் தூக்கிட்டுப் போய் புறாவைக் குளிப்பாட்டினாரு."

ரூபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தப்பாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டான். அவளே முதலில் சிரித்துவிட்டாள். பிறகு கணப்பைப் பார்த்தாள், அது அணைந்து கிடந்தது. மேஜையைப் பார்த்தாள், அரை ரொட்டி காய்ந்து கிடந்தது. இறங்கிப் போனாள்.

அடுத்த வியாழன் துணி சுற்றிய கிண்ணத்தோடு வந்தாள். ஆட்டுக்கறிமேல் உருளைக்கிழங்கு வில்லைகளை அடுக்கி, பொழுதெல்லாம் அடுப்பில் வைத்து வேகவைத்தது. ஆவி பறந்தது.

"ஒத்தைக்குச் சமைக்க எனக்குத் தெரியல," என்றாள். "கை ரெண்டு பேருக்குத்தான் போடுது. வீணாத்தானே போகுது, சாப்பிடுங்க. கிண்ணத்தை அடுத்த வாரம் வாங்கிக்கறேன்."

கிண்ணம் வாங்க வந்தவள் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தாள். மூன்றாவது வாரம், கிண்ணத்தைக் கையோடு கொண்டுபோகிறேன் என்று அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்தாள். அப்புறம் சாக்குச் சொல்வதையும் விட்டுவிட்டாள். ஆலையில் நடந்தது, அக்கம்பக்கத்து வம்பு, யார் வீட்டுத் திரை எவ்வளவு அழுக்கு, எல்லாம் பேசினாள். இவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். வியாழன் என்றால் அறையைக் கூட்டினான். கரி வாங்கிக் கணப்பு மூட்டினான். முகச்சவரம் செய்துகொண்டான்.

கீழே க்ரிம்ஷா மீனைத் திருப்பிப்போட்டபடி விசாரித்தான். "என்னய்யா க்ளெக், வியாழக்கிழமை ஆனா மூஞ்சி பளபளன்னு இருக்கு?"

"வெந்நி சும்மா இருந்துச்சு. சவரம் பண்ணேன்."

"வெந்நி எல்லா நாளும்தான்யா சும்மா இருக்குது."

ஆகஸ்டில் ஆலைகள் ஒரு வாரம் மூடும். ஊரே பெட்டியைக் கட்டிக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்கு ரயில் ஏறிவிடும். க்ரிம்ஷாகூடக் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவான். அந்த ஏழு நாள்தான் ரூபனுக்கு வருஷத்திலேயே மோசமான நாட்கள். தெருவில் நாய்கூட இராது. பேசாமல் இருந்து இருந்து, வாரம் முடிந்து யாராவது கூப்பிட்டால் குரல் கம்மி வரும். இந்த வருஷம் செலினா தங்கை குடும்பத்தோடு போகவில்லை. புதன்கிழமை வந்து, "வாங்க, மேட்டு வரைக்கும் நடந்துட்டு வரலாம்," என்றாள்.

புகைபோக்கிகள் ஓய்ந்திருந்ததால் மேட்டிலிருந்து ஊர் துலக்கமாய்த் தெரிந்தது. அவள் தன் வீட்டுக் கூரையைத் தேடிக் கண்டுபிடித்தாள். கொல்லையில் காலிப் புறாக்கூண்டு தெரிந்தது. புறாக்களை எல்லாம் புறாச் சங்கத்துக்காரர்களிடம் எப்போதோ விற்றாகிவிட்டது. இருவரும் ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள்.

"பின்பக்கத்து ரூம் ஒண்ணு சும்மா கெடக்கு," என்றாள் செலினா, ஊரைப் பார்த்தபடியே. "காலைல நல்லா வெளிச்சம் வரும். உங்க பலகை, சாயம், எல்லாத்தையும் அங்க போட்டுக்கலாம்."

ரூபனுக்குக் காதில் விழுந்தது விழுந்ததுதானா என்று சந்தேகம். "ஊரு பேசுமே மிஸஸ் ஹாவர்த்."

"பேசட்டும். பேச்சை நிறுத்தணும்னா பாதிரியார்கிட்ட அதுக்கு ஒரு வழி இருக்கு. நாப்பத்தெட்டு வயசுல வெக்கப்பட்டுட்டு நிக்க எனக்கு நேரமில்ல. அந்த மனுஷனுக்கு அழ வேண்டியதை அழுது முடிச்சுட்டேன். அதுவும் ரொம்ப ஒண்ணும் இல்ல." அவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "இப்பவே சொல்ல வேணாம். நாளைக்கு வேணாம், அடுத்த வியாழக்கிழமை சொல்லுங்க, ரூபன்."

அவனுடைய பேரை ஒரு பெண் சொல்லி அவன் கேட்டது அன்றுதான். யோசிக்க அவனுக்கு என்ன இருக்கிறது? ஆமாம் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். நம்மில் புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்திருப்பான். அடுத்த வியாழன் என்று அவள் சொன்னாளே என்று, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நாளை எண்ணிக்கொண்டு இருந்தான். அதோடும் விட்டானா? வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் போகக் கூடாது, அவளுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு. அவனிடம் கொடுக்க என்ன இருந்தது? நாற்பது பலகை இருந்தது. அதில் ஆக நல்லது எஸ்ராவின் பலகை.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் செத்த புருஷனின் படத்தைக் கொடுப்பவன் உலகத்தில் உண்டா? ரூபன் கொடுத்தான். அவனைத் திட்டவும் முடியவில்லை. இருபது வருஷ வேலையை முதல்முதலாக ஒருவர் பார்க்கப் போகிறார் என்ற சந்தோஷத்தில் அவனுக்கு வேறெதுவும் தெரியவில்லை. தான் புறா வரைகிறவன் மட்டும் இல்லை, முகம் வரையத் தெரிந்தவன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் வந்ததும் பலகையைத் திருப்பி இரண்டாவது நாற்காலியில் வைத்தான்.

செலினா கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அப்படியே நின்றாள்.

"எஸ்ராவா இது?"

"ஆமாம். ஜனவரில வரைஞ்சேன். அவருக்குத் தெரியாது."

அவள் கிட்டே போனாள். குனிந்து பார்த்தாள். எட்டி நின்று பார்த்தாள். "இப்படி ஒரு மூஞ்சி அவருக்கு இருந்துச்சா?" என்றாள். மறுபடி குனிந்து, "நான் பாத்ததே இல்லையே," என்றாள். ரூபன் தன் வேலையைப் புகழ்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். அப்போது அவள் கேட்டாள்: "இப்படி யாரைப் பாத்துட்டு இருக்காரு?"

படத்தில் புறா இல்லையே. அவளுக்கு எப்படித் தெரியும்?

'சீமாட்டியை' என்ற வார்த்தை அவன் நாக்கு நுனியில் இருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இருபத்தாறு வருஷம் வெந்நீர் போட்டுக் கொடுத்தவளின் முகம். அதில் ஆசையும் பயமும் சேர்ந்து இருந்தது. புறாவைத்தான் என்று சொல்லிவிட்டால் அவள் உடைந்துபோவாள். இல்லாத இறகு ஒன்றை ரூபன் தன் ஆயுளில் வரைந்ததில்லை. ஒன்பது இறகோடு வந்த புறாவுக்கு ஒன்பதுதான் வரைந்து சண்டை வாங்கியிருக்கிறான்.

"உங்களைப் பத்திப் பேசிட்டு இருந்தாரு," என்றான்.

"என்னைப் பத்தியா?"

"ஆமாம்."

"என்ன சொன்னாரு?"

"நல்ல மாதிரியாத்தான் சொன்னாரு. அப்படியே ஞாபகம் இல்ல."

செலினா முகத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அழுதாள். அடக்கத்தன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்து கிடைக்காத அழுகை அது. ரூபன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவள் மனசு குளிர்ந்துவிட்டது, நமக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தான். அட மடையா! அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலகையைக் கிண்ணம் சுற்றிவந்த துணியில் பதனமாய்ச் சுற்றினாள்.

"அந்தப் பின்ரூம் விஷயம்," என்று ஆரம்பித்தான் ரூபன்.

"அடுத்த வாரம் பேசலாம், மிஸ்டர் க்ளெக்," என்றாள்.

அடுத்த வாரம் வந்தாள். கணப்புக்கு மேலே இருந்த கடிகாரத்தை எடுத்துவிட்டு எஸ்ராவை மாட்டியிருக்கிறேன் என்றாள். ராத்திரி விளக்கை அணைக்க மனசே வரவில்லையாம். "நான் ஒரு பாவி, மிஸ்டர் க்ளெக். அவ்வளவு ஆசையை உள்ளுக்குள்ளயே வெச்சுட்டு இருந்திருக்காரு. வாயில வரல, அவ்வளவுதான். நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு எங்க வாயில வருது? நான் என்னடான்னா, அழுது முடிச்சுட்டேன்னு உங்ககிட்டயே வந்து சொன்னேன்."

"அதெல்லாம் நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"அவரு அப்படிப் பாத்துட்டு இருக்கற வீட்டுல இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்து உக்கார வெக்கறதா? நீங்களே சொல்லுங்க. உங்களுக்கே அது நல்லா இருக்குமா?"

ரூபனுக்குப் பின்ரூமின் காலை வெளிச்சம் அந்த இடத்திலேயே அணைந்துபோயிற்று. நிஜத்தைச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. இப்போதுகூடச் சொல்லலாம். கோபப்படுவாள், திட்டுவாள், படத்தைத் தூக்கி அடுப்பில் போடுவாள். அப்புறம் பின்ரூம் காலியாகத்தானே இருக்கும்?

"மிஸஸ் ஹாவர்த், அன்னைக்கு எஸ்ராவைப் பத்தி நான் சொன்னேனே..."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஞாபகம் வந்துருச்சா? வேற ஏதாச்சும் சொன்னாரா?"

அவள் அப்படி ஆவலாய் அவன் பக்கம் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. பொய்யன் என்று தெரிந்தால் அந்த நாற்காலியில் அவள் மறுபடி உட்காரமாட்டாள். வியாழக்கிழமையும் மற்ற ஆறு நாட்களோடு சேர்ந்துவிடும்.

"ஆமாம்," என்றான். "உங்க கைச்சமையல் மாதிரி வராதுன்னு சொன்னாரு."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று சொல்வார்கள். ரூபனுக்குக் கிடைத்தது. வாரம் தவறாமல், ஆவி பறக்கப் பறக்க, மூன்று வருஷம் கிடைத்தது. அவன் சாப்பிடுவான், அவள் காத்திருப்பாள். கிண்ணம் காலியானதும், "அப்புறம் என்ன சொன்னாரு?" என்பாள். அக்கம்பக்கத்து வம்பு பேசுவதெல்லாம் நின்றுபோயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமையில் மூன்று வார்த்தைக்காரன் எவ்வளவு பேசியிருக்க முடியும் என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை. எஸ்ராவின் கல்லறைக்குப் புதுக் கல் வைத்தாள். கல்லில் எழுத்து வெட்டுகிறவனுக்கு ரூபன்தான் எழுத்தை வரைந்து கொடுத்தான். "அன்புக் கணவர்" என்று அழகாகவே எழுதினான்.

சாயங்காலம் அவள் இறங்கிப்போனபின் அறை முன்பைவிடப் பெரிதாகிவிடும். முன்பெல்லாம் தனியாக இருந்தவன் தனியாக மட்டும்தான் இருந்தான். இப்போது வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பெண் வந்து, இரண்டு மணி நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, வேறொருவனைத் தேடிவிட்டுப் போனாள். அவன் முகம் வரைவதை விட்டுவிட்டான். புறாக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர்களைப் பார்க்காமல், பூதக்கண்ணாடியைக் கண்ணை விட்டு எடுக்காமல் வேலை பார்த்தான்.

அந்தப் படத்தைப் பற்றித் தெருவில் பேச்சு வந்தது. தறி மேஸ்திரிக்கு எண்ணெய் வண்ணப் படமா என்று சிரித்தவர்களை, செலினா ஒரு பார்வை பார்த்து அடக்கிவிட்டாள். க்ரிம்ஷா ஒருநாள் எதற்கோ அந்த வீட்டுக்குப் போய்விட்டு நேரே மேலே ஏறி வந்தான்.

"படத்தைப் பாத்தேன்யா. அவனே வந்து நின்ன மாதிரி இருக்கு."

"ம்."

"அது புறாவைப் பாக்கற பார்வை. இந்த ஊருல புறா வளக்கற வீட்டுல பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தப் பொம்பளைக்குத் தெரியாதா?"

"நீ ஏதாச்சும் சொன்னியா?"

"எனக்கென்ன பைத்தியமா? அது ரெண்டு கையாலயும் அந்தச் சட்டத்தைத் தொடச்சுட்டு நிக்குது. எப்படிய்யா சொல்றது?" க்ரிம்ஷா படியில் இறங்கப் போனவன் திரும்பி, "சாப்பாடாச்சும் ஒழுங்கா வருதா?" என்று கேட்டான். வருகிறது என்றான் ரூபன்.

மூன்றாவது வருஷம் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. மழை பிடித்துக்கொண்டு பெய்தது. செலினா வந்து கிண்ணத்தை வைத்தாள். ரூபன் சாப்பிட்டான். அவளைவிட அவனுக்கு வயதாகிவிட்ட மாதிரி இருந்தது. அன்று அவனிடம் சரக்கு இல்லை. சமையலைச் சொல்லியாயிற்று. அவள் தைத்துக் கொடுத்த சட்டையைச் சொல்லியாயிற்று. கல்யாணத்தன்று பெய்த மழையை, பிறந்து தங்காமல் போன குழந்தையை, அவள் வாய் தவறி விட்ட விவரங்களை எல்லாம் எஸ்ரா வாயில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

"அப்புறம்?" என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவளை அவன் பார்த்தான். கண்ணில் பட்டதைச் சொல்ல ஆரம்பித்தான்.

"நீங்க ஏதாவது பாட்டை முணுமுணுத்துட்டே இருப்பீங்கன்னு சொன்னாரு. யாராச்சும் பாத்துட்டா பாதியிலயே நிறுத்திடுவீங்களாம்."

"அட, அதைக்கூடக் கவனிச்சாரா!"

"கிண்ணத்தைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி, கட்டைவெரலால விளிம்பை ஒருதரம் தொடைப்பீங்களாம். சுத்தமாத்தான் இருக்குமாம், இருந்தாலும் தொடைப்பீங்களாம். அதைப் பாக்கறதுக்காகவே மெதுவாக் கையை நீட்டுவேன்னாரு."

செலினா தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. "இன்னும்?"

ரூபன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று வருஷத்தில் அன்றுதான் அவனுக்கு இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. வார்த்தை தானாக வந்துகொண்டிருந்தது. "சிரிக்கறதுக்கு முன்னாடி கீழ பாப்பீங்களாம். அந்தப் பச்சைத் தொப்பியைப் போட்டுட்டுக் கதவைத் தெறந்தா, விளக்கு ஏத்தவே வேண்டாம் போல இருக்கும்னாரு."

செலினா நிமிர்ந்தாள்.

"பச்சைத் தொப்பியா?" என்றாள் செலினா. அது அவள் தலையில்தான் இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தாள். "இது போன ஈஸ்டருக்கு வாங்கினது."

அவள் அவனைப் பார்த்தாள். எஸ்ராவை எங்கேயோ பின்னால் தேடும் பார்வையாக அது இல்லை. அவனையே, நரைத்த புருவத்தையும் சாயம் படிந்த விரலையும், சவரத்தில் வெட்டிக்கொண்ட தாடையையும் பார்த்தாள். யார் இவ்வளவையும் கவனித்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது.

"செலினா," என்றான்.

அவள் சட்டென்று குனிந்து காலிக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். துணியைச் சுற்றினாள். முடிச்சுப் போட்டாள். போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"ஆம்பளைங்களுக்குத் தொப்பில என்ன தெரியும்," என்றாள், முடிச்சைப் பார்த்தபடி. "என்கிட்ட பழசு ஒண்ணு இருந்துச்சு, பழுப்பு நெறம். அதைத்தான் சொல்லியிருப்பாரு. உங்களுக்குத்தான் ஞாபகம் தப்பியிருக்கும், மிஸ்டர் க்ளெக்." அவள் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள். "அப்படித்தானே?"

ரூபன் கம்பியை எடுத்துக் கணப்பில் கரியைக் கிளறிவிட்டான்.

"பழுப்புத் தொப்பிதான்," என்றான். "எஸ்ரா பழுப்புன்னுதான் சொன்னாரு."